சேவை நாழிக்குப் போர்த்திய பொன்னாடை

கரமனையில் உமாசங்கர் வீட்டு ஹாலுக்குள் நுழைந்தால் எதிர்ச் சுவரில் பத்மநாப சுவாமி படம். பக்கத்தில் அவருடைய அப்பா படம். இரண்டுக்கும் ஒரு சாண் மேலே, கண்ணாடிச் சட்டம் போட்டு, மாலை சாத்தி, ஒரு காகிதம். அவர் மனைவி பகவதி தினமும் விளக்கேற்றும்போது பெருமாளுக்கு ஒரு பூ, மாமனாருக்கு ஒரு பூ, காகிதத்துக்கு ஒரு பூ வைக்க வேண்டும். மறந்தால் அவர் சாப்பிட உட்கார மாட்டார்.

பேட்டன்ட் என்று நினைத்துவிடாதீர்கள், கண்ணுகளா. பேட்டன்ட் வேண்டும் என்று விண்ணப்பம் போட்டதற்கு ஆபீஸ் தந்த ரசீது அது. காசிக்கு டிக்கெட் எடுக்க க்யூவில் நின்ற டோக்கனைச் சட்டம் போட்டு மாட்டி, 'கங்கையில் குளித்துவிட்டு வந்தேன்' என்று சொல்கிற மாதிரி. விசிட்டிங் கார்டிலும் 'பேட்டன்ட் ஹோல்டர்' என்று அச்சடித்து, காய்கறிக் கடைக்காரன் வரைக்கும் கொடுத்து வைத்திருந்தார்.

சர்க்கார் ஆபீஸ் ஒன்றில் சூப்பிரண்டாக இருந்து ரிடையர் ஆனவர் உமாசங்கர். உத்தியோகக் காலம் முழுக்க அவர் கண்டுபிடித்தது ஒன்றே ஒன்றுதான்: தன் மேஜைக்கு வந்த ஃபைலை அடுத்த மேஜைக்கு நகர்த்தும் வழி. அந்தத் திறமையால் மேலே மேலே போனார். ரிடையர் ஆனபின் தெருச் சமூகத்துக்குத் தலைவரும் ஆனார்.

அந்த ரசீதில் இருக்கிற யந்திரம் அவருடையது இல்லை. பகவதியின் தங்கை நாகலக்ஷ்மியுடையது.

நாகலக்ஷ்மி அதே தெருக் கோடியில் தனியாக இருக்கிறாள். மெக்கானிகல் டிப்ளமா படித்து, பாலிடெக்னிக் ஒன்றில் பிள்ளைகளுக்கு ஒர்க்‌ஷாப் சொல்லிக்கொடுத்தவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. "லேத் பிடிச்ச கையை எவன் பிடிப்பான்?" என்று தெரு கேட்டபோது, "பிடிச்சா விரல் போயிடும்னு பயப்படறா போலிருக்கு" என்று சொல்லி அந்தப் பேச்சை முடித்து வைத்தாள்.

சேவை பிழிந்த கைகளுக்கு நான் விளக்க வேண்டாம். பிழியாதவர்களுக்குச் சொல்கிறேன். அரிசி மாவு உருண்டையை வேகவைத்து, கொதிக்கக் கொதிக்க நாழிக்குள் போட்டுத் திருக வேண்டும். ஆறினால் கல். ஆறுவதற்குள் திருக வேண்டுமென்றால் தோள்பட்டை கழலும், விரல் சுடும். கல்யாணத்துக்குச் சேவை என்றால் சமையல்காரர்கள் முகம் சுளிப்பது அதனால்தான். நாகலக்ஷ்மி என்ன செய்தாள்? நாழிக் குழலுக்கு இரண்டு சுவர் வைத்தாள். இட்லிப் பானையிலிருந்து வரும் ஆவி அந்த இரண்டு சுவருக்கும் நடுவே சுற்றிப் போகும். மாவு எத்தனை நேரமானாலும் ஆறாது. அவசரமே இல்லை. திருகுவதற்குக் கைக்குப் பதிலாகக் காலுக்கு ஒரு மிதி, தையல் மெஷின் மாதிரி. நாற்காலியில் உட்கார்ந்து மிதித்தால் தட்டு மெல்ல இறங்கும், கீழே சேவை நூல் நூலாகப் பூப்போல விழும். பாப்பனங்கோட்டில் லேத் வைத்திருக்கிற ராஜையன்தான் திருகாணியைக் கடைந்து கொடுத்தார். எதற்கு என்று கேட்டதற்கு, "ஜலம் இறைக்கற பம்புக்கு" என்று சொல்லிவிட்டாள். அத்தனை ஜாக்கிரதை.

ஜாக்கிரதையெல்லாம் வெளியாருக்கு. அக்கா புருஷனுக்கு உண்டா? ஞாயிற்றுக்கிழமை தோறும் அக்காவும் அத்திம்பேரும் சேவை சாப்பிட வருவார்கள். சமையலறைக்குள் எட்டிப் பார்த்தார் உமாசங்கர்.

"என்னடி நாகு, இது புதுசா இருக்கே!"

"நான் பண்ணினது அத்திம்பேர். மிதிச்சுப் பாருங்கோ."

மிதித்தார். சேவை விழுந்தது. அவருடைய கண்ணில் வேறென்னமோ விழுந்தது.

"இதை ரிஜிஸ்டர் பண்ணணும்டி. நீ ஆபீஸ் ஆபீஸா அலைய வேண்டாம். வரைஞ்சு வச்சிருக்கியோன்னோ, அதைக் குடு. நான் பாத்துக்கறேன்."

கொடுத்தாள். அத்திம்பேருக்கு ஆபீஸ் பழக்கம் உண்டே என்று நம்பினாள். அவர் வீட்டுக்குப் போய், கண்டுபிடித்தவர் பெயர் என்று இருந்த இடத்தில் தன் பெயரை எழுதிக்கொண்டார்.

பகவதி பார்த்துவிட்டாள். "நாகு பேர் எங்கே?"

"அவ பண்ணினது கைவேலை. யோசனை யாருது? 'சேவை பிழியறது எத்தனை கஷ்டம்'னு முதல்ல சொன்னது யாரு?"

"நீங்கதான் சொன்னேள். சொல்லிண்டே பத்து ஈடு சாப்பிட்டேள்."

அப்படிப் பார்த்தால் ஆகாய விமானத்தைக் கண்டுபிடித்தது, நடந்து கால் வலிக்கிறது என்று முனகிய முதல் மனிதன்தான்.

கழக்கூட்டத்தில் கண்ணாடிக் கட்டிடம் ஒன்றில் ஹரிகுமார் என்ற ஆலோசகர் இருந்தார். விண்ணப்பங்களை எழுதிக் கொடுப்பது அவர் தொழில். உமாசங்கர் கொடுத்த படங்களைப் பார்த்து உண்மையாகவே சந்தோஷப்பட்டார். ஒரு கேள்விதான் கேட்டார்.

"சாரே, இதை வெளியில ஆரும் கண்டிட்டில்லல்லோ?"

"ஒருத்தரும் பாக்கலை."

"கண்டா தீர்ந்நு, கேட்டோ. புதுசுக்குத்தான் பேட்டன்ட். நம்ம விண்ணப்பம் போடறதுக்கு முந்தி ஊரு கண்டுடுச்சின்னா, அது பழசு. இன்னைக்கே போட்டுடலாம்."

உமாசங்கர் சிரித்தார். குழந்தையைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. "ஆடி பொறந்தாச்சு. ஆடியில நாங்க ஒண்ணும் தொடங்கறதில்லை. ஆவணி ஒண்ணாந்தேதி போடுங்கோ."

"சாரே, அதுக்குள்ள வேற ஆராவது இதே மாதிரி போட்டா?"

"அவாளும் ஆடியில போட மாட்டா."

ஜப்பான்காரனும் பஞ்சாங்கம் பார்த்துவிட்டுத்தான் விண்ணப்பம் போடுவான் என்று அவர் மனசார நம்பினார். ஹரிகுமார் என்ன செய்வார்? நம் ஆடியைத்தான் மலையாளத்தில் கர்க்கடகம் என்பார்கள்; அது முடியும் வரைக்கும் ஃபைலை மூடி வைத்தார்.

இந்த மனிதருக்கு ஆடி கழியும் வரை பொறுக்க முடிந்தது. ஆனால் பொன்னாடைக்குப் பொறுக்க முடியவில்லை.

கர்க்கடக மாதம் முழுக்கத் தெருவில் இராமாயணம் வாசிப்பார்கள். கடைசி நாள் சமூகக் கூடத்தில் பட்டாபிஷேகமும் சாப்பாடும். "நாகு, உன் மெஷினை அன்னிக்குக் கூடத்துக்குக் கொண்டு வாடி. எல்லாருக்கும் சேவை போட்டுடலாம்" என்றார். ஸ்வாமி காரியம் என்றதும் அவள் சரியென்றாள். ஆட்டோவில் ஏற்றி, தானே கூட உட்கார்ந்து, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு வருகிற மாதிரி கொண்டுவந்து இறக்கினாள்.

உள்ளே போய்ப் பார்த்தால் மேடைக்கு மேலே ஒரு ஃப்ளெக்ஸ். 'சேவை யந்திரம் கண்ட விஞ்ஞானி உமாசங்கர் அவர்களுக்குப் பாராட்டு விழா.' கீழே அவர் படம், கோட்டு போட்டுக்கொண்டு. அந்தக் கோட்டு போட்டோ ஸ்டூடியோக்காரனுடையது.

பொன்னாடை ஆடியில் வாங்கலாமா என்று யாரோ கேட்டதற்கு, "பாராட்டுங்கறது முடிவு, தொடக்கமில்லையே" என்று அவரே சாஸ்திரமும் சொல்லிவிட்டார்.

தெரு முழுக்கக் கூடியிருந்தது. பம்பாயிலும் நியூஜெர்சியிலும் இருக்கிற பிள்ளைகள் பார்ப்பதற்காகக் கம்பத்தில் போனைக் கட்டி யூட்யூபில் நேரலையும் விட்டிருந்தார்கள். உமாசங்கர் மைக்கைப் பிடித்தார். பிடித்தவர் விட்டாரா? குழலைக் கழற்றி இரண்டு சுவரையும் காட்டினார். ஆவி எங்கே நுழைந்து எங்கே வெளியேறுகிறது என்று விரலால் காட்டினார். மிதிக்கட்டைக்கும் திருகாணிக்கும் நடுவே உள்ள பல்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்து, "இதுதான் என் மூளை" என்றார். நாகலக்ஷ்மி வரைந்த படத்தைத் துணியில் பெரிதாக அச்சடித்துப் பின்னால் தொங்கவிட்டிருந்தார். ஒரு கொல்லன் அங்கே இருந்திருந்தால் அன்று சாயங்காலமே ஒன்று செய்திருக்கலாம்.

நாகலக்ஷ்மி தூண் ஓரமாக நின்றாள். அவள் முகத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. உங்கள் சமையலை இன்னொருத்தி தன்னுடையது என்று பரிமாறுவதை நீங்கள் எப்போதாவது பார்த்திருந்தால் தெரியும்.

பேச்சு முடிந்து, "இப்போ பாருங்கோ" என்று மிதித்தார். மெஷின் நின்றுவிட்டது. மறுபடி மிதித்தார். உள்ளே எதுவோ முனகியது. மாவை ஒரு பக்கமாகத் திணித்திருக்கிறார். தட்டு சாய்ந்து குழலில் மாட்டிக்கொண்டது. விஞ்ஞானிக்கு அது தெரியவில்லை. காலால் உதைத்தார்.

"நாகு! இங்க ஒண்ணு வந்து பாரேண்டி!"

அவள் போயிருக்கக் கூடாது. கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தால் அன்றே அவர் மானம் போயிருக்கும். ஆனால் மெஷின் திணறிக்கொண்டிருந்தது. நாலே எட்டில் மேடையேறி, திருகாணியைப் பின்னால் சுற்றி, தட்டை விரலால் நிமிர்த்தி, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து மிதித்தாள். சேவை விழுந்தது. கூடம் கைதட்டியது. அவளுக்குச் சிரிப்பும் வந்துவிட்டது, பாவம்.

கைதட்டல் ஓய்வதற்குள் பொன்னாடை வந்தது. உமாசங்கர் தோளை நீட்டினார்.

பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "ஓய், அதை மெஷினுக்குப் போர்த்துங்கோ! வேலை பண்ணினது அதுதானே!"

எல்லோரும் சிரித்தார்கள். உமாசங்கரும் சிரித்தார், தன்னைப் பாராட்டினார்கள் என்று நினைத்து.

அன்று சாயங்காலம் நாகலக்ஷ்மி அக்கா வீட்டு வாசலில் நின்றே கேட்டாள். "அத்திம்பேர், கண்டுபிடிச்சது யாரு?"

"நீ நான்னு எதுக்குடி பிரிச்சுப் பேசறே? நம்மாத்துக்கு வந்த பெருமை."

"பெருமை ஆத்துக்கு, பொன்னாடை உங்க தோளுக்கா?"

"பெரியவாகிட்டப் பேசற பேச்சா இது?" என்று கதவைச் சாத்திக்கொண்டார். மறுநாள் ஆவணி ஒன்று. நல்ல முகூர்த்தத்தில் விண்ணப்பம் போனது. முதல் நாள் விழாவைப் பற்றி அவர் ஹரிகுமாரிடம் வாய் திறக்கவில்லை. மறைக்க வேண்டும் என்றுகூட இல்லை. சொல்ல வேண்டிய விஷயமாகவே அவருக்குத் தோன்றவில்லை.

விண்ணப்பத்தை ஆபீஸ் வெளியிடுவதற்கு ஒன்றரை வருஷம் ஆகும். தனியாகக் கட்டணம் கட்டினால் சீக்கிரம் வெளியிடுவார்கள். தன் பெயரை அச்சில் பார்க்கிற ஆசையில் கட்டினார். வயதானவர்களுக்குச் சீக்கிரம் பரிசீலனை உண்டு என்று தெரிந்ததும், ரயிலில் கீழ்ப் படுக்கை கேட்கிற உரிமையோடு அதையும் கேட்டு வாங்கினார்.

இதற்கிடையில் நாகலக்ஷ்மியைத் தேடி ஆட்கள் வந்தார்கள். விழாவில் யார் மெஷினை ஓட்டியது என்று பார்க்கச் சமையல்காரர்களுக்குக் கண் இருக்கிறதே! வலியசாலையிலிருந்து ஒருவர், ஆரியசாலையிலிருந்து ஒருவர். அவள் ராஜையன் லேத்துக்குப் பின்னால் ஒரு கொட்டகையை வாடகைக்கு எடுத்தாள். ரிடையர் ஆனபின் கைகள் சும்மா கிடந்த கிடப்பு அவளுக்குத்தான் தெரியும். இப்போது காலையில் எழுந்து பஸ் பிடித்துப் போக ஓர் இடம் இருந்தது. முதல் மூன்று மெஷின்கள் பாதி முடிந்து நின்றன.

அந்த ஞாயிற்றுக்கிழமை உமாசங்கர் பகவதியோடு வந்தார். எலுமிச்சை சேவை, தேங்காய் சேவை, வெல்லச் சேவை, மூன்றையும் சாப்பிட்டார். கை அலம்பித் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"நாகு, இனிமே நீ இந்த மெஷின் செய்யக் கூடாது."

"என்ன சொல்றேள்?"

"கொச்சியில ஒரு கம்பெனி கேக்கறா. வேற யாரும் செய்யலைன்னாத்தான் எடுத்துப்பாளாம். பேட்டன்ட் என் பேர்ல இருக்கு. என் அனுமதி இல்லாம நீ செஞ்சா சட்டப்படி குத்தம். குடும்பத்துக்குள்ள கோர்ட்டு கேஸு வேண்டாம் பாரு."

"நான் பெத்ததை நான் தூக்கக் கூடாதுன்னு சொல்றேளா?"

"குடிக்க ரசம் இருக்கோ?" என்றார் அவர், பகவதியைப் பார்த்து.

பகவதி எழுந்திருக்கவில்லை.

திங்கட்கிழமை காலையில் நாகலக்ஷ்மி கிழக்கேகோட்டையில் இருந்தாள். பாத்திரக் கடை ஒன்றின் மாடியில் பொன்செல்வி என்ற பெண்ணின் ஆபீஸ். நாகர்கோவில்காரி, பேட்டன்ட் ஏஜெண்ட் பரீட்சை எழுதித் தேறியவள். கீழே எவர்சில்வர் குடங்கள் இடிபட, மேலே எல்லாவற்றையும் கேட்டாள். அவளுக்கு முதலில் வந்தது சிரிப்பு.

"பேட்டன்ட் இருக்குன்னா சொன்னாரு? இல்லக்கா. கேட்டு வச்சிருக்காரு, அம்புட்டுத்தான். இன்னும் குடுக்கல. குடுக்காததுக்கு முன்ன உங்க மேல கேஸ் போட முடியாது. குடுக்காமலே 'ஹோல்டர்'னு கார்டு அடிச்சிருக்காரு பாருங்க, அதுக்கு அவரு மேலதான் போடலாம்."

"குடுத்துட்டா?"

"குடுத்துட்டா நீங்க செய்ய முடியாது. உள்ளதச் சொல்லுதேன். அதுக்கு முன்ன தடுக்கணும்."

"நான் கேட்டா கேப்பாளா? அவர் என்னை யாருன்னு கேப்பாரே."

"யாரு வேணும்னாலும் எதிர்க்கலாம். பால்காரன்கூட எதிர்க்கலாம். இருங்க, அந்த விழாவ யூட்யூப்புல போட்டாங்கன்னு சொன்னியளே?"

இருந்தது. தேதியோடு இருந்தது. நியூஜெர்சியிலிருந்து யாரோ 'மாமா சூப்பர்' என்று கீழே எழுதியும் இருந்தது. பொன்செல்வி முழுக்கப் பார்த்தாள். பல்சக்கரத்தைத் தூக்கிக் காட்டின இடத்தை இரண்டு தடவை பார்த்தாள்.

"அக்கா, பேட்டன்ட்டுன்னா என்னான்னு நெனைக்கியோ? பட்டமா, பதக்கமா? ஒரு பேச்சுவார்த்தை, அவ்வளவுதான். 'நீ கண்டுபிடிச்சத ஒளிக்காம ஊருக்குச் சொல்லு. சொன்னதுக்குப் பதிலா இருவது வருசம் வேற யாரையும் செய்ய விடமாட்டேன்'னு சர்க்காரு சொல்லுது. ஊருக்குச் சொல்லுததுக்கு முன்ன சர்க்கார்ட்டச் சொல்லிரணும். இவரு ஒரு நாளு முந்தி ஊருக்கே சும்மா சொல்லிட்டாரு. சும்மா கெடைச்சதுக்குச் சர்க்காரு எதுக்கு வெல குடுக்கும்?"

"அப்போ அவர் பேரை எடுத்துட்டு என் பேரைப் போட முடியாதா? பண்ணினது நான்."

பொன்செல்வி மறுபடி வீடியோவைப் போட்டாள். "உங்களுக்குத் தெரியாம களவாண்டு காட்டியிருந்தா ஒரு வழி உண்டு. ஆனா இங்க பாருங்க." வீடியோவை நகர்த்தி நிறுத்தினாள். "இது யாரு?"

மேடையில் நாற்காலியில் உட்கார்ந்து மிதிக்கிறாள். சிரிக்கிறாள்.

"நான்தான்."

"நீங்களே ஏறி ஓட்டிக் காட்டியிருக்கியோ. மனசில்லாமதான் காட்டினேன்னு சொன்னா, இந்தச் சிரிப்ப என்ன செய்ய?"

"மெஷின் திணறித்துடி. பாத்துண்டு நிக்க முடியுமா?"

"முடியாதுதான். அதுக்குச் சட்டத்துல எடமில்லியே. பேருக்காகச் சண்ட போட்டா வருசம் போகும், கெடைக்கும்னும் சொல்ல மாட்டேன். தடுக்கது மட்டும்னா இந்த வீடியோ ஒண்ணு போதும். ஆனா தடுத்தா அவருக்கும் இல்ல, உங்களுக்கும் இல்ல. யாரு வேணும்னாலும் செய்யலாம்."

கீழே யாரோ குடத்தைத் தட்டி ஓட்டை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாகலக்ஷ்மி அந்தச் சத்தம் நிற்கும் வரை காத்திருந்தாள். முந்தானையால் முகத்தை ஒரு தரம் அழுத்தித் துடைத்தாள்.

"கொட்டகையில மூணு மெஷின் பாதியில நிக்கறது. அதை முடிக்கணும். எதிர்ப்பு மனுவைப் போடு."

சென்னை ஆபீசிலிருந்து விசாரணை வீடியோவில் நடந்தது. எதிர்ப்பு மனுவோடு வந்த வீடியோவைப் பார்த்த அன்றே ஹரிகுமார், "சாரே, நமஸ்காரம்" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு விலகிக்கொண்டார். "வக்கீலெல்லாம் எதுக்கு? நான் பாக்காத ஆபீசரா!" என்று உமாசங்கர் தானே உட்கார்ந்தார், தோளில் அதே பொன்னாடையோடு. அவருக்குப் பின்னால் சுவரில் மாலை போட்ட ரசீது தெரிந்தது. இங்கே மாடியில் பொன்செல்வியும் நாகலக்ஷ்மியும். பொன்செல்வி தன் வாதத்தைப் பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டாள்.

ஆபீசர் அமைதியான மனிதர். "விண்ணப்பத்துக்கு முதல் நாள் இந்த யந்திரத்தைப் பொதுமக்களுக்கு விளக்கிக் காட்டினீர்களா?" என்று கேட்டார்.

"பொதுமக்களுக்கா? இல்லவே இல்லை சார்."

"வீடியோவில் இருப்பவர்கள்?"

"அவாளா! அவா பொதுஜனம் இல்லை சார். எல்லாரும் நம்மவா. எங்க தெரு மனுஷா. வெளியாள் ஒருத்தன்கூடக் கிடையாது."

கேளுங்கள், செல்லங்களே. இதை அவர் பொய்யாகச் சொல்லவில்லை. அதுதான் விசேஷம். சாலைக்கு அந்தப் பக்கம் இருப்பவன்தான் அவருக்குப் பொதுஜனம். பஸ்ஸில் நிற்கிறவன் பொதுஜனம், ரேஷன் க்யூவில் நிற்கிறவன் பொதுஜனம். தன் தெருவில் பிறந்தவன் முந்நூறு பேராக இலை போட்டு உட்கார்ந்தாலும் அவருக்கு அது சமையலறைக்குள் பேசிக்கொண்ட மாதிரி. இத்தனை வருஷம் 'நம்மவா, நம்மவா' என்று சொல்லிச் சொல்லி, உலகம் கரமனை ஆற்றங்கரையோடு முடிகிறது என்றே ஆகிவிட்டது அவருக்கு.

ஆபீசர் முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லை. "சரி. வந்தவர்களிடம் இதை இரகசியமாக வைத்திருக்க வேண்டும் என்று ஏதாவது உறுதி வாங்கினீர்களா?"

உமாசங்கருக்கு உண்மையிலேயே ஆச்சரியமாகிவிட்டது. "எங்க தெருவுலயா? இரகசியமா? சார், எங்க தெருவுல அடுப்புல பால் பொங்கினா அடுத்த நிமிஷம் அம்பத்தூர்ல விசாரிப்பா! அங்க எப்படி சார் இரகசியம் தங்கும்?"

அவருக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம். பகவதி. மனைவி சிரிப்பது மைக்கில் விழுந்து சென்னை வரைக்கும் போனது.

"நன்றி. வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?" என்றார் ஆபீசர்.

"என் பொன்னாடையைப் பதிவு பண்ணிக்கோங்கோ சார்" என்று தோளைக் கேமராவுக்கு நேராகத் திருப்பினார்.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. கொச்சிக் கம்பெனிக்காரன் அதற்கப்புறம் போனை எடுக்கவில்லை. எடுப்பானேன், அவனே செய்துகொள்ளலாமே, செய்தும் விட்டான். வலியசாலையிலும் ஒருவன் செய்தான், பல்சக்கரம் தேய்கிற தகரத்தில். நாகலக்ஷ்மியும் செய்தாள். பாதியில் நின்ற மூன்றும் முடிந்தன, பிறகு இன்னும் சில. யாரும் அவளைத் தடுக்கவில்லை. அவளும் யாரையும் தடுக்க முடியவில்லை. தகரத்தில் செய்த ஒன்றைக் கல்யாண வீட்டில் பார்த்துவிட்டு வந்த அன்று அவள் சாப்பிடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்தத் தகரத்திலும், கொச்சியில் செய்ததிலும், அவள் செய்ததிலும் ஒரே குறை இருந்தது. மாவை ஒரு பக்கமாகப் போட்டால் தட்டு சாய்ந்து மாட்டிக்கொள்ளும். மேடையில் மாட்டியதே, அதேதான். அன்று விரலால் நிமிர்த்தினாள். இப்போது விரல் இல்லாமல் நிமிர என்ன வழி என்று யோசிக்கத் தொடங்கினாள். கொட்டகையில் இல்லை, தன் வீட்டுச் சமையலறையில். ராஜையனிடம் கொடுக்கவில்லை, அதற்கென்று ஒரு வளையத்தைத் தானே அரத்தால் ராவி எடுத்தாள். எப்படிப் போட்டாலும் தட்டு தானாக நடுவுக்கு வந்து நிற்கிறது. எந்த வளையம், எந்த இடத்தில் என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்கும் அவள் சொல்லவில்லை.

அதற்கப்புறம் வந்த ஆடியில் ஒரு செவ்வாய்க்கிழமை. உமாசங்கரும் பகவதியும் நாகலக்ஷ்மி வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தார்கள். ஆமாம், அவரும் வந்தார், கோபத்தையும் சேவையையும் அவர் ஒருநாளும் கலந்ததில்லை. சாப்பிட்டு, தூங்கி, எழுந்து கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று அடித்துவிட்டது. ராகுகாலம். நாலரை வரை கிளம்ப முடியாது. நாற்காலியில் உட்கார்ந்து சுற்றிலும் பார்த்தார். மூலையில் இடுப்பளவு உயரத்துக்கு ஏதோ நின்றது. மேலே சரிகை பளபளத்தது.

"இது என் பொன்னாடை மாதிரி இருக்கே?"

"உங்களுதுதான்" என்றாள் பகவதி. "அதுக்கு அந்துருண்டை வாங்கி மாளலை. நான்தான் நாகுகிட்டக் குடுத்தேன்."

"உள்ள என்ன?"

நாகலக்ஷ்மி போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். கிழக்கேகோட்டையில் பொன்செல்வி அந்த நிமிஷம் விண்ணப்பத்தை அனுப்பிக்கொண்டிருந்தாள். ஆடிச் செவ்வாய் ராகுகாலத்தை நாகலக்ஷ்மிதான் கேட்டு வாங்கியிருந்தாள்: "அந்த நேரத்துல எங்க தெருவுல ஒருத்தனும் எனக்கு முந்தி எதையும் பண்ண மாட்டான்."

உமாசங்கர் எழுந்தார். மூலைக்குப் போனார். பொன்னாடையின் ஓரத்தைப் பிடித்தார்.

நாகலக்ஷ்மி பார்த்துவிட்டாள். ஓடிப்போய்க் கையைத் தட்டிவிடலாம். தட்டினால் சந்தேகம் வரும். அப்புறம் அவர் பார்க்காமலும் விட மாட்டார், ஊருக்குச் சொல்லாமலும் விட மாட்டார். இருந்த இடத்திலேயே நின்று, சாவகாசமாகக் கேட்டாள்:

"அத்திம்பேர், ராகுகாலத்துல பொன்னாடையை எடுக்கலாமோ? ஆகி வராதும்பாளே."

கை நின்றது. விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. "நல்ல வேளை சொன்னே" என்று திரும்பி வந்து உட்கார்ந்து, பூணூலைத் தொட்டுக்கொண்டார்.

பகவதி சமையலறைக்குள் போய்விட்டாள். வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு போனாள்.

போன் ஒரு தரம் அதிர்ந்தது. 'போட்டாச்சுக்கா. நம்பர் வந்துட்டு. உங்க பேருதான்.'

நாகலக்ஷ்மி இரண்டு தடவை படித்தாள். பிறகு மூலைக்குப் போய், பொன்னாடையை ஒரே இழுப்பில் உருவி, நாலாக மடித்து, அத்திம்பேர் மடியில் வைத்தாள்.

"இப்போ பாருங்கோ. கழட்டிப் பாருங்கோ. போட்டோ எடுத்து நியூஜெர்சிக்கும் அனுப்புங்கோ."

உமாசங்கர் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றரைகூட ஆகவில்லை.

"ராகுகாலம் முடியட்டும்" என்று கண்களை இறுக்க மூடிக்கொண்டார்.